நான் மூடாமல் வைத்த டிக்கெட்

மேடையின் நடுநாற்காலியில் அமர்ந்து, இவள் என்ன பேசப் போகிறாளோ என்ற கவலையில் மூன்றாவது முறையாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் அவர்களே! முன்வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட பெரியவர்களே! பிள்ளை என்ன வேலை பார்க்கிறது என்று யாராவது கேட்டால், "ஏதோ கம்ப்யூட்டர்ல பெரிய வேலை" என்று பெருமையோடு சொல்லிச் சமாளிக்கும் தாய்மார்களே! பிழை செய்து பிழைக்கும் நிரலாளர்களே! அவர்கள் செய்யும் பிழையைக் கண்டுபிடித்துப் பிழைக்கும் என் இனமே, சோதனைப் பிரிவின் சொந்தங்களே! நான் வந்து நின்றதும் வீல் என்று கத்திய மைக்கைத் தட்டித் தடவி அடக்கிவைத்த அண்ணனே! உங்கள் அத்தனை பேரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மேடை ஏறிய எவரும் ஐந்து நிமிடத்தில் இறங்கியதாகச் சரித்திரம் இல்லை. அந்தச் சரித்திரத்தை மாற்றும் எண்ணம் எனக்கும் இல்லை.

உங்கள் நாற்காலி ஒவ்வொன்றிலும் நீல அட்டை போட்ட ஆண்டறிக்கை இருக்கிறது. தயவுசெய்து எடுங்கள். விசிறிக்கொள்வதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பதினான்காம் பக்கத்தைப் பிரியுங்கள். இரண்டாவது பத்தி. நானே படிக்கிறேன். "கடிதப்பூட்டு மென்பொருளில் சாவி உருவாக்கும் பகுதியில் இருந்த கடும் பிழை, காலஞ்சென்ற நிரலாளரின் கவனக்குறைவால் நேர்ந்தது. அதைக் கண்டுபிடித்த மூத்த சோதனையாளருக்கு இவ்வாண்டின் சிறப்புக் கேடயம் வழங்கப்படுகிறது."

அந்த மூத்த சோதனையாளர் நான். அந்தக் காலஞ்சென்ற நிரலாளர் என் கணவர்.

கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்குக் கவனக்குறைவு? வீட்டை விட்டுக் கிளம்பினால் கேஸை மூடினோமா என்று இரண்டு முறை திரும்பி வந்து பார்ப்பவருக்கா? எழுதிய வரியை ஏன் எழுதினோம் என்று பக்கத்திலேயே ஐந்து வரி விளக்கம் எழுதிவைப்பவருக்கா? அந்த இரண்டாவது பத்தி தவறு. அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கத்தான் வந்திருக்கிறேன். கேட்டு வாங்காமல் இந்த மேடையை விட்டு இறங்குவதாகவும் இல்லை.

தாய்மார்களே, உங்களுக்கு முதலில் விஷயம் புரிய வேண்டும். கடிதப்பூட்டு என்பது எங்கள் நிறுவனத்தின் மென்பொருள். அதில் எழுதும் கடிதத்தை யாருக்கு எழுதினோமோ அவர் மட்டுமே படிக்கலாம். யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்பதுகூட வெளியே தெரியக் கூடாது என்பதற்காக, பூட்டிய கடிதங்கள் எல்லாமே ஒரே பொதுக் கூடையில்தான் விழும். ஒவ்வொரு வீட்டுக் கம்ப்யூட்டரும் தன் சாவியைக் கூடையில் உள்ள எல்லாக் கடிதத்திலும் போட்டுப் பார்க்கும். எது திறக்கிறதோ அது நம்முடையது. திறக்காதது நமக்கு இல்லை. ஆக, எல்லாமே அந்தச் சாவியில்தான் இருக்கிறது.

அந்தச் சாவி எப்படிப் பிறக்கிறது? இரும்பை உருக்கியா? பித்தளையை ராவியா? இல்லை. அது ஒரு நீளமான எண். யாராலும் ஊகிக்க முடியாத எண். இங்கேதான் சிக்கல். கம்ப்யூட்டர் சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை. ஒரே கேள்வியை நூறு முறை கேட்டால் நூறு முறையும் ஒரே பதில்தான் சொல்லும். (யாரோ "எங்க வீட்டுல அப்படி ஒண்ணு இல்லையே" என்கிறீர்கள். எந்த வீட்டிலும் இல்லை அம்மா!) அதனிடமிருந்து ஊகிக்க முடியாத ஒன்றை வாங்க வேண்டுமானால் கொஞ்சம் குழப்பத்தை உள்ளே போட வேண்டும். நீங்கள் தட்டச்சு செய்யும்போது இரண்டு எழுத்துக்கு நடுவே எவ்வளவு தயங்கினீர்கள், மவுஸை எப்படி அலைய விட்டீர்கள் என்று இப்படி நூறு சில்லறைக் குழப்பங்களைப் பொறுக்கிச் சேர்த்து, அதிலிருந்துதான் சாவி செய்வார்கள். அதை எழுதியவர் என் கணவர். அழகாக எழுதியிருந்தார். குறை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட நான் சொல்கிறேன், அழகாக எழுதியிருந்தார்.

எங்கள் கல்யாணமே இந்தத் தொழிலில்தான் ஆரம்பித்தது. என்னைப் பிடித்திருக்கிறது என்று முதன்முதலாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று இடத்தில் வட்டம் போட்டு, "தெளிவாக இல்லை, மறுபடி சமர்ப்பிக்கவும்" என்று திருப்பி அனுப்பினேன். சிரிக்கிறீர்கள். அவரும் சிரித்தார். திருத்தி எழுதிக்கொண்டும் வந்தார். அன்றிலிருந்து அலுவலகத்தில் எனக்கு அவர் வைத்த பெயர் பிடிவாதக்காரி.

அந்தப் பிடிவாதம்தான் இந்தக் கதைக்கே காரணம். நான் சாவிப் பகுதியைச் சோதிக்க உட்கார்ந்தேன். சோதனை என்றால் என்ன? நேற்று வந்த விடை இன்றும் வருகிறதா என்று பார்ப்பது. ஆனால் சாவியோ ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறக்கிறது. எதோடு எதை ஒப்பிடுவேன்? எழுந்து அவர் மேசைக்குப் போனேன்.

"இங்க பாருங்க, நேத்து ஒண்ணு வந்துது. இன்னைக்கு வேற ஒண்ணு வருது. நான் எப்படிச் சரிபாக்கறது?"

"ஏய், வேற வேறயா வர்றதுதான் அதோட வேலையே. ஒரே மாதிரி வந்தா அது சாவி இல்ல, தாழ்ப்பாள்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நேத்து வந்தது இன்னைக்கும் வரணும். நாளைக்கும் வரணும்."

"பிடிவாதக்காரி. டிக்கெட் போடு, பண்ணித் தர்றேன்."

தாய்மார்களே, டிக்கெட் என்றால் பஸ் டிக்கெட் இல்லை. எங்கள் அலுவலகத்தில் சோதனையாளர் ஒரு குறையைப் பதிவு செய்யும் குறிப்புக்கு அதுதான் பெயர். திறந்தவர் மட்டுமே மூடலாம். அதுவரை அது இருவர் திரையிலும் நிற்கும். நான் டிக்கெட் போட்டேன். அவர் ஒரு வரியை மாற்றினார். நூறு குழப்பங்களையும் ஓரம் கட்டிவிட்டு, கடிகாரத்தை மட்டும் வைத்துச் சாவி செய்யும்படி மாற்றினார். எந்தத் தேதி, எந்த மணி, எந்த நொடி, அவ்வளவுதான். நான் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஒரே நொடியில் நிறுத்திவைத்தால் ஒரே சாவி வரும். என் சோதனைக்கு அது போதும். டிக்கெட்டில் அவர் எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். "பிடிவாதக்காரிக்கு: சோதனைக்காக மட்டும் வைத்திருக்கிறேன். இது வெளியே போகவே கூடாது. உன் சோதனை முடிந்ததும் டிக்கெட்டை மூடு. நீ மூடிய அன்றே நான் எடுத்துவிடுகிறேன்."

கேட்டீர்களா? வெளியே போகவே கூடாது என்று எழுதியிருக்கிறார். இதுவா கவனக்குறைவு?

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் இருக்கும் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. வயது நாற்பத்தொன்று.

ஆறு வாரம் கழித்து நான் வேலைக்குத் திரும்பினேன். சோதனையை முடித்தேன். எல்லாம் சரியாக வந்தது. இனி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. டிக்கெட்டைத் திறந்து, "மூடு" என்ற பொத்தானை ஒரு முறை அழுத்த வேண்டும்.

அழுத்தினேனா? அழுத்தவில்லை.

ஏன் அழுத்தவில்லை? என் திரையில் அவர் பெயர் இருந்த கடைசி வரி அது. அவருடைய மற்ற டிக்கெட்டுகளை எல்லாம் வேறு ஆட்களுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் மேசையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வாசலில் இருந்த பெயர்ப் பலகையிலிருந்து அவர் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு டிக்கெட் மட்டும், நான் திறந்தது என்பதால், அவர் பெயரோடு நின்றது. மூடினால் பழைய கோப்புகளுக்குள் போய்விடும். தினமும் காலையில் பையை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டு, அந்த வரியைப் பார்ப்பேன். நிலை: திறந்திருக்கிறது. பொறுப்பு: அவர் பெயர். பார்த்த பிறகுதான் அன்றைய வேலையைத் தொடுவேன். அவர் இன்னும் எனக்கு ஒரு வேலை பாக்கி வைத்திருக்கிறார் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

திங்கட்கிழமைதோறும் கூட்டம் நடக்கும். எங்கள் குழுத் தலைவர், எதற்கெடுத்தாலும் அவசரப்படுவதால் அவருக்கு அவசரம் சார் என்றே பெயர், திறந்திருக்கும் டிக்கெட்டுகளை வரிசையாக வாசிப்பார். இதற்கு வந்ததும் குரல் இறங்கும்.

"இது இன்னும் திறந்திருக்கேம்மா?"

"இருக்கட்டும் சார். அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்."

என் முகத்தைப் பார்ப்பார். அடுத்ததற்குப் போய்விடுவார். மற்ற எதற்கும் ஒரு நிமிடம் பொறுக்காத மனிதர், இதற்கு மட்டும் நாலு வருடம் பொறுத்தார். அவர் மேல் குற்றமில்லை. கணவனை இழந்த ஒருத்தியிடம், "அவர் பேரை எடு" என்று எந்த வாய் சொல்லும்? இரக்கம் அவருடையது. அந்த இரக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டது நான். டிக்கெட்டில் "வெளியீட்டுக்கு முன் கட்டாயம்" என்றிருந்ததை அழித்துவிட்டு, "பிறகு பார்க்கலாம்" என்று மாற்றியதும் இந்தக் கைதான். பதினாறு ரிலீஸ், அதாவது மென்பொருளின் பதினாறு புதிய வெளியீடு, போனது. பதினாறிலும் அந்த வரி வெளியே போனது. வெளியே போகவே கூடாது என்று அவர் எழுதிய வரி, என் கையால் இருபதாயிரம் வீடுகளுக்குப் போனது.

தெரியாமல் செய்தாயா என்று கேட்பீர்கள். முதல் ஆறு மாதம், சத்தியமாக, அதை நினைக்கவே இல்லை. அதன் பிறகு? தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன். வாரத்தில் ஒரு நாளாவது சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வரும். விழுங்கிவிடுவேன்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "நேரமாகிறது" என்று எழுதியிருக்கிறது. ஆகட்டும் ஐயா. நாலு வருடம் ஆகிவிட்டது, இன்னும் பத்து நிமிடம் ஆகட்டும்.

போன வருடம் ஒரு முற்பகல். வாடிக்கையாளர் பிரிவில் ஆள் இல்லை என்று ஒரு அழைப்பை எனக்குத் தள்ளிவிட்டார்கள். மறுமுனையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மென்மையான குரல். தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்.

"ஒரு சந்தேகம்மா. அடுத்தவங்க கடிதம் நம்ம பெட்டியில திறக்குமா?"

"திறக்காதுங்க. திறக்கவே திறக்காது. எங்க மென்பொருள்ல அதுக்கு வழியே இல்ல."

"எனக்குத் திறக்குதே."

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"எட்டு மாசமா."

எட்டு மாதம்! எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எட்டு மாசமா அடுத்தவங்க கடிதத்தைப் படிச்சுட்டு இருந்தீங்களா? அன்னைக்கே சொல்ல வேண்டாமா?" என்று கத்திவிட்டேன். அவர் சொன்னார்.

"தப்புதாம்மா. என் பையன் வெளியூர் போகும்போது, இதுலதான் எழுதுவேன், போட்டுக்கோங்கன்னு சொல்லிட்டுப் போனான். நானும் போட்டுக்கிட்டேன். மூணு வருஷமா தினம் திறந்து பாப்பேன். ஒண்ணும் இருக்காது. ஒரு நாள் ஒண்ணு வந்துது. யாரோ ஒரு பொண்ணு, கப்பல்ல சமையல் வேலை பாக்குது போல, அவங்க அப்பாவுக்கு எழுதறா. 'அப்பா, சாப்பிட்டீங்களா, கால் வீக்கம் குறைஞ்சுதா'ன்னு. எனக்கு வீக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா என்னை அப்படிக் கேக்க யாருமில்லம்மா. சொன்னா நீங்க நிறுத்திடுவீங்கன்னு சொல்லாம இருந்துட்டேன்."

சபையோரே, ஒரு கடிதத்தைப் பார்ப்பதற்காகப் பிழையை மறைத்த அந்த மனிதரை, ஒரு பெயரைப் பார்ப்பதற்காகப் பிழையை மறைத்த நான் எந்த வாயால் திட்டுவேன்? "இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"நேத்து வந்த கடிதத்துல, 'அப்பா, இது உங்களுக்கு மட்டும்'னு எழுதியிருக்கா. புருஷன் கிட்ட இருந்து தப்பிச்சு ஒளிஞ்சு இருக்காளாம். கரைக்கு வந்ததும் எந்த வீட்டுல இருப்பான்னு விலாசம் எழுதியிருக்கா. கண்டுபிடிச்சா கொன்னுடுவான்னு எழுதியிருக்கா. அது எனக்குத் தெரியக் கூடாதும்மா. எனக்கே தெரிஞ்சுதுன்னா, அவனுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்?"

 

பதிவேட்டைப் பார்த்தேன். கண்ணாடிக் கடைக்காரரும் அந்தப் பெண்ணின் அப்பாவும், முன்பின் அறியாத இரண்டு பேர், ஒரே நாள், ஒரே மணி, ஒரே நொடியில் மென்பொருளைப் போட்டிருக்கிறார்கள். கடிகாரம் ஒன்று, ஆகவே சாவியும் ஒன்று. யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது. எதைத் தேட வேண்டும் என்று தெரியாமல் ஒரு பட்டாளமே தேடிக்கொண்டிருந்தபோது, நான் நேராகப் போய் அந்த வரியில் நின்றேன். இதைத்தான் "கூர்மையான கண்டுபிடிப்பு" என்று அறிக்கையில் பாராட்டியிருக்கிறீர்கள். ஒளித்துவைத்தவளுக்கு எடுத்துக் கொடுக்கத் தெரியாதா?

அதோடு போனதா? அந்தப் பெண்ணின் அப்பாவிடம் பேசினேன். அவருடைய கம்ப்யூட்டரில் எங்கள் மென்பொருளைப் போட்டுக் கொடுத்ததே அந்த மருமகன்தான். எந்த நாளில் போட்டான் என்று அவனுக்குத் தெரியும். ஒரு நாளில் எத்தனை நொடி? எண்பத்தாறாயிரத்து நானூறு. ஆக, சாவியும் எண்பத்தாறாயிரத்து நானூறுதான். அத்தனையையும் ஒரு கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். அவனுக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் போதும். ஒரு பெண்ணின் உயிர், என் ஆசைக்கும் அவன் அறியாமைக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றே அவள் வேறு வீட்டுக்கு ஏற்பாடு செய்துகொண்டாள். இரண்டு நாளில் இருபதாயிரம் வீடுகளுக்கும் புதிய சாவி போனது. பத்திரமாக இருக்கிறாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் போனது நம் சாமர்த்தியம் என்று யாரும் தோளைத் தட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு கண்ணாடிக் கடைக்காரருக்கு மனசாட்சி இருந்தது, அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தேன். அன்று அவர் மேசை அருகில் நின்று நான் என்ன கேட்டேன்? நேற்று வந்தது இன்றும் வர வேண்டும், நாளையும் வர வேண்டும் என்று கேட்டேன். கம்ப்யூட்டரிடம் கேட்டதைத்தான் நாலு வருடமாக வாழ்க்கையிடமும் கேட்டிருக்கிறேன். நேற்று இருந்தவர் இன்றும் இருக்க வேண்டும். என் திரையில் இருக்க வேண்டும். "பொறுப்பு" என்ற இடத்தில் இருக்க வேண்டும். அதற்காக ஊரார் வீட்டுப் பூட்டை எல்லாம் திறந்துபோட்டேன்.

அந்த வரியை நானே எடுத்தேன். பிறகு டிக்கெட்டை மூடினேன். மூடும்போது காரணம் கேட்கும். "சோதனை முடிந்தது" என்று எழுதினேன். நாலு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய இரண்டு வார்த்தை. டிக்கெட் மூடினால், பொறுப்பில் இருப்பவருக்குத் தானாக ஒரு கடிதம் போகும். அவருக்கும் போனது. ஐந்து நொடியில் எனக்குத் திரும்பி வந்தது. "இந்த முகவரியில் எவரும் இல்லை."

இந்த ஒரு வரியைப் படிக்கப் பயந்துதான், சபையோரே, இத்தனையும் செய்திருக்கிறேன். படித்தேன். மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன். அவசரம் சார் வந்து நின்றார், தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்.

தலைவர் அவர்களே, அந்தக் கேடயம் எனக்கு வேண்டாம். இதனால் எனக்கு வேலை போகும் என்றால் போகட்டும். எனக்கு வேண்டியது பதினான்காம் பக்கத்தில் ஒரு திருத்தம். "காலஞ்சென்ற நிரலாளரின் கவனக்குறைவால்" என்பதை அடியுங்கள். "மூத்த சோதனையாளர் டிக்கெட்டை மூடாததால்" என்று எழுதுங்கள். செத்தவரால் எழுந்து வந்து மறுக்க முடியாது என்பதற்காக எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டலாமா? அவர் வீட்டுக்காரி உயிரோடு இருக்கிறேன். கேட்பேன். இந்த அரங்கின் நடுவில் நின்று கேட்கிறேன். அடிப்பீர்களா, மாட்டீர்களா?

தலைவர் எழுந்திருக்கிறார். மைக்கை அவர் பக்கம் திருப்புகிறேன்.

"அடிச்சிடலாம்மா. திருத்தி, எல்லாருக்கும் மறுபடி அச்சடிச்சுக் கொடுக்கறோம். வேலையைப் பத்தி நாளைக்குப் பேசுவோம். நீங்க முதல்ல உக்காருங்க."

உட்காருகிறேன் ஐயா. கை தட்ட வேண்டாம், தாய்மார்களே. அழவும் வேண்டாம், நீங்கள் அழுதால் என்னால் முடிக்க முடியாது.

இனி என் திரையில் அவர் பெயர் இல்லை. அறிக்கையிலும் அவரைப் பற்றி ஒரு வரி இருக்காது. அவர் பெயருக்கு வந்த களங்கம் போய்விட்டது, அதோடு அவர் பெயரும் போய்விட்டது. நான் கேட்டு வாங்கியதுதான், சரியான காரியம்தான். ஆனாலும் சொல்கிறேன். இவ்வளவு தெரிந்த பிறகும், இவ்வளவு பட்ட பிறகும், நாளைக் காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் என் கண் அந்த வரியைத்தான் தேடப் போகிறது. அது அங்கே இருக்காது என்று எனக்குத் தெரியும், என் கண்ணுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

ஒருத்தியின் வீட்டு விஷயத்தைப் பொறுமையோடு கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. உங்கள் வீட்டில் இருப்பவர்கள் நெடுநாள் நலமாக இருக்கட்டும். வருகிறேன், வணக்கம்.